கதவில் ஒட்டிய காகிதம்

சென்ற ஐப்பசியில், அடைமழைக்கு நடுவே வெயில் எட்டிப் பார்த்த ஒரு காலையில், அரசலாற்றிலிருந்து பிரியும் வாய்க்கால் ஒன்றின் கரையில் குடியிருக்கும் பெண் ஒருவர் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். அவருடைய மகள் என்னிடம் ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும் படித்தவள். அவர் மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துப் பிரித்தார். அதற்குள் குடும்ப அட்டை, மகளின் மாற்றுச் சான்றிதழ், நூறு நாள் வேலை அட்டை, ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு ரசீதுகள், இவற்றுக்கு நடுவே நான்காக மடித்த ஒரு காகிதம் ஆகியவை இருந்தன. காகிதத்தின் மூலைகளில் காய்ந்த பசை பொருக்குத் தட்டியிருந்தது. தகரக் கதவிலிருந்து உரித்தபோது கதவின் பச்சைப் பெயிண்டும் சேர்ந்து வந்து அதன் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. "இது என்னன்னு பாருங்க டீச்சர். கடைக்காரத் தம்பி வீட்டு வரின்னு சொல்லிச்சு" என்றார்.

அது வீட்டு வரி அன்று. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி வட்டாட்சியர் அனுப்பியிருந்த அறிவிப்பு. வாய்க்கால் புறம்போக்கில் உள்ள குடிசையை ஏன் அகற்றக்கூடாது என்பதற்குக் குறித்த தேதிக்குள் விளக்கம் தர வேண்டும் என்று அதில் இருந்தது. அந்தத் தேதிக்கு நான்கு நாட்களே மிச்சமிருந்தன. காகிதம் கதவில் ஒட்டப்பட்டுப் பதினொரு நாட்கள் ஆகியிருந்தன. அந்தப் பதினொரு நாட்களும் அது குடிசையின் விட்டத்தில், மழைச் சாரல் படாமல், மிகப் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

நான் நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆறு ஆண்டுகளாக இலவசச் சட்ட உதவி தரும் எங்கள் வட்ட சட்டப் பணிகள் குழுவில் சட்டத் தன்னார்வலராக இருக்கிறேன். வீடற்றவர் என்ற சொல்லைக் கேட்டால் நம் மனத்தில் எழும் உருவம் கோயில் வாசலில் படுத்திருக்கும் முதியவருடையது, அல்லது பேருந்து நிலையத்தில் சாக்கு விரித்திருக்கும் ஒரு குடும்பத்தினுடையது. ஆனால் நான் பார்த்த அளவில், அந்த முதியவரும் அந்தக் குடும்பமும் ஒரே இரவில் வீட்டை இழந்தவர்கள் அல்லர். சில மாதங்களுக்கு முன், சில வேளைகளில் சில ஆண்டுகளுக்கு முன், யாரும் சரியாகப் படித்துச் சொல்லாத ஒரு காகிதம் அவர்கள் கைக்கு வந்திருக்கிறது, அல்லது யாரும் படித்துக் காட்டாத ஒரு காகிதத்தில் அவர்கள் கைநாட்டு வைத்திருக்கிறார்கள். வீட்டை இழக்கப்போகிறவர்களுக்கு இந்த நாட்டில் இருக்கும் உதவிகள் சிறியவை அல்ல. ஆனால் அந்த உதவிகளின் பெரும்பகுதி கூரை இருக்கும்போதே தேடிப் போனால்தான் பயன்படும். கூரை போன பிறகு கிடைப்பது படுக்க ஒரு பாய் மட்டுமே.

7ஆம் பிரிவு அறிவிப்புக்கும் 6ஆம் பிரிவு அறிவிப்புக்கும் உள்ள வேறுபாட்டை ஒவ்வொரு ஊரிலும் நான்கு பேராவது அறிந்திருக்க வேண்டும். முன்னது 'ஏன் அகற்றக்கூடாது, விளக்கம் சொல்' என்று கேட்பது. பின்னது 'காலி செய்' என்று ஆணையிடுவது. விளக்கம் கேட்கும் காகிதத்துக்குப் பதில் போகாவிட்டால், சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டு அடுத்த காகிதம் வரும். அதற்கும் மேல்முறையீடு உண்டு. ஆனால் அதற்கும் காலக்கெடு உண்டு. எங்கள் பக்கத்து மக்களோ இரண்டையும் 'நோட்டீஸ்' என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுகிறார்கள். அந்த அம்மாள் கட்டி வைத்திருந்த ரசீதுகளையும் அவிழ்த்துப் பார்த்தேன். அவை பி மெமோ ரசீதுகள். புறம்போக்கில் குடியிருப்பதற்காக வருவாய்த்துறை விதிக்கும் தண்டத்தை ஆண்டுதோறும் கட்டியதற்கான சீட்டுகள் அவை. அரசு பணம் வாங்கிக்கொள்கிறது, ஆகவே இடம் தமக்கே என்று அவர் முப்பது ஆண்டுகளாக நம்பியிருந்தார். சட்டப்படி அந்தச் சீட்டு உரிமையைத் தராது. ஆனாலும் இந்த இடத்தில் இத்தனை ஆண்டுகளாக இந்தக் குடும்பம் குடியிருக்கிறது என்பதை அரசின் கையெழுத்தாலேயே நிறுவிவிடும். மாற்று இடம் கேட்கும் மனுவுக்கு அதைவிட நல்ல இணைப்பு வேறில்லை.

அன்று மாலையே நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் எங்கள் குழுவின் அலுவலகத்துக்குச் சென்றோம். குழுவின் பட்டியலில் உள்ள இளம் வழக்கறிஞர் ஒருவர் விளக்கக் கடிதத்தை எழுதித் தந்தார். நான்காம் நாள் காலையில் வட்டாட்சியர் அலுவலகத்தில் அதைக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கினோம். முத்திரை இல்லாத நகல் வெறும் காகிதம் என்பதை நான் ஒவ்வொருவருக்கும் சொல்கிறேன். கடிதத்தில் நாங்கள் வாய்க்கால் கரைக்குப் பட்டா கேட்கவில்லை. நீர்நிலைப் புறம்போக்குக்குப் பட்டா வழங்கக்கூடாது என்பதில் உயர் நீதிமன்றம் உறுதியாக இருக்கிறது. அதைக் கேட்டு எழுதிய மனு தொடக்கத்திலேயே தள்ளுபடியாகும். 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் வீடுகளை இடிப்பது பற்றி வழங்கிய தீர்ப்பில், பதினைந்து நாள் முன்னறிவிப்பு தராமல் எந்த வீட்டையும் இடிக்கக்கூடாது என்று கூறியது. அந்தச் செய்தியைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு என்னிடம் நம்பிக்கையோடு வந்தவர்கள் பலர். சாலை, நடைபாதை, ரயில் பாதை ஓரம், ஆறு, நீர்நிலை ஆகியவற்றில் உள்ள கட்டடங்களுக்கு அந்தப் பாதுகாப்பு பொருந்தாது என்று அதே தீர்ப்பு விலக்கும் அளித்திருக்கிறது. இரண்டு வீட்டுக்கு ஒரு வாய்க்கால் ஓடும் நம் டெல்டாவில் அந்த விலக்குத்தான் பெரும்பாலோருக்குப் பொருந்தும் என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே, ஆட்சேபணையற்ற புறம்போக்கிலோ, குடியிருப்புக்கென உள்ள நத்தம் நிலத்திலோ மாற்று மனையும், அதற்குப் பட்டாவும், அது கிடைக்கும்வரை அவகாசமும் வேண்டும் என்றே கேட்டோம். மூன்று மாத அவகாசம் கிடைத்தது.

இதற்கெல்லாம் அந்த அம்மாளுக்கு ஆன செலவு பேருந்துக் கட்டணம்கூட இல்லை, ஏனென்றால் மகளிருக்கு நகரப் பேருந்தில் கட்டணம் கிடையாது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 12ஆம் பிரிவில், யார் யாருக்கு இலவச வழக்கறிஞர் தரப்பட வேண்டும் என்று கூறுகிறது. பெண்கள் எவராயினும், வருமானம் எவ்வளவாயினும், உரிமை உண்டு. குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள், காவலில் உள்ளவர்கள், வெள்ளத்தாலும் புயலாலும் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கும் வருமான வரம்பு இல்லாமல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. தொலைபேசியில் 15100 என்ற எண்ணை அழைத்தால் போதும். மாவட்ட நீதிமன்றத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வட்ட அளவில் குழுக்கள் இருக்கின்றன. 'கோர்ட்டு வாசலை மிதிக்கக்கூடாது' என்று சொல்லி வளர்க்கப்பட்ட நம் மக்கள், அந்த வளாகத்துக்குள்ளேயே தமக்காக ஓர் அறை திறந்திருக்கிறது என்பதை நம்ப மறுக்கிறார்கள். அதனால்தான் நாங்கள் வாரம் ஒரு நாள் திண்ணையில் அமர்கிறோம்.

இனி நான் சொல்லப்போவது வயல்வெளித் தெருக்களைப் பற்றியது. இதைச் சற்று விரித்தே எழுத வேண்டும். கீழத் தஞ்சையில் பண்ணையாள் குடும்பங்கள் மிராசுதாரின் நிலத்தில்தான் குடிசை போட்டிருந்தன. கூலி அரைப்படி கூடக் கேட்டால் குடிசையைப் பிரித்து எறியலாம் என்ற நிலை இருந்தது. வயிற்றைவிடக் கூரைதான் அவர்களைக் கட்டிப்போட்டிருந்தது. 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில், கூலிப் போராட்டத்தின் பகை மூண்டு, ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து மாண்டதை இந்த மண்ணில் பிறந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு மூன்று ஆண்டுகளுக்குள், 1971இல், குடியிருப்புக்கு உரிமை வழங்கும் சட்டம் வந்தது. 1971 ஜூன் 19 அன்று ஒரு விவசாயியோ விவசாயத் தொழிலாளியோ பிறர் நிலத்தில் குடியிருந்திருந்தால், அந்தக் குடியிருப்பு மனை அவருக்கே முழு உரிமையாகச் சேரும் என்பதே அதன் சாரம். அதற்குமுன் 1961இல் வந்த சட்டம் வெளியேற்றத்தைத் தடுத்தது. இதுவோ மனையையே கொடுத்தது.

ஆனால் சட்டம் கொடுத்ததைப் பல குடும்பங்கள் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளவில்லை. தாத்தா போனார், அப்பா போனார், நிலம் இரண்டு கை மாறியது, இப்போது பேரன் காலத்தில் மனைப்பிரிவு போட வாங்கியவர் வந்து வேலிக்கல் நடுகிறார். பத்திரத்தில் அந்தத் தெரு இருக்கும் இடமும் சேர்ந்தே விற்கப்பட்டிருக்கும். சென்ற ஆண்டு அப்படிப்பட்ட ஒரு தெருவிலிருந்து ஒன்பது குடும்பங்கள் வந்தன. 1971இல் குடியிருந்ததற்கு என்ன ஆதாரம் இருக்கிறது என்று வழக்கறிஞர் கேட்டபோது அவர்களுக்குப் பேச்சு வரவில்லை. கீற்றுக் குடிசையில், ஆண்டுக்கொருமுறை கூரை மாற்றி, மூன்று பெரும் புயல்களைக் கண்டவர்களிடம் ஐம்பதாண்டுக் காகிதம் எங்கிருந்து வரும்?

அன்றிரவு எனக்கு எங்கள் பள்ளியின் நினைவு வந்தது. அரசுப் பள்ளிகளில் எதைத் தூக்கிப் போட்டாலும் சேர்க்கைப் பதிவேட்டை மட்டும் தூக்கிப் போட மாட்டார்கள். மறுநாள் தலைமையாசிரியரின் அனுமதியோடு பீரோவைத் திறந்து, துணி அட்டை போட்ட அந்த நீளமான பேரேடுகளை இறக்கினோம். பூச்சி அரித்த ஓரங்களைத் தொட்டால் உதிர்ந்தன. நீல மை பழுப்பாகியிருந்தது. 1969ஆம் ஆண்டுப் பக்கத்தில், 'விவசாயக் கூலி' என்ற தொழில் பத்திக்கு அருகில், தந்தையின் பெயரும் தெருவின் பெயரும் தெளிவாக இருந்தன. ஒன்பது குடும்பங்களில் ஆறு குடும்பங்களின் தாத்தாவோ அப்பாவோ அந்தப் பேரேட்டில் குழந்தைகளாகவோ, குழந்தைகளைச் சேர்த்த பெற்றோராகவோ கிடைத்தார்கள். ஒரு மூதாட்டி, அவருடைய பெயரை நான் விரலால் தொட்டுக் காட்டியபோது, "நான் மூணு மாசந்தான் டீச்சர் பள்ளிக்கொடம் போனேன். அந்த மூணு மாசம் எனக்கு இப்ப வீடு வாங்கிக் குடுக்குமா?" என்று கேட்டார். சான்றளித்த நகல்களை இணைத்து, சட்டத்தின்படி அதிகாரம் பெற்ற அலுவலருக்கு மனு போயிருக்கிறது. நாற்பது ஆண்டுகள் அந்தப் பதிவேட்டில் பெயர் எழுதியவர்களுள் நானும் ஒருத்தி. தெருவின் பெயரை முழுமையாக எழுதாமல் 'உள்ளூர்' என்று எழுதி முடித்த நாட்களும் எனக்கு இருந்தன. இப்போது பணியில் இருக்கும் ஆசிரியர்கள் இதைப் படித்தால், தெருவையும் கதவு எண்ணையும் விடாமல் எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மனையும் நிலமும் பற்றிப் பேசும்போது கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனை நினைக்காமல் இருக்க முடியாது. அவரும் அவருடைய கணவரும் 1981இல் தொடங்கிய லாஃப்டி இயக்கம், நிலமற்ற பெண்களின் பெயரில் நிலத்தை வாங்கிப் பதிவு செய்து கொடுத்தது, பின்னர் கல் வீடுகளும் கட்டிக்கொடுத்தது. பத்திரத்தில் பெண்ணின் பெயர் இருந்தால் அந்த வீடு எளிதில் கைமாறாது என்பதை என் தலைமுறைப் பெண்கள் அவரிடமிருந்துதான் கற்றோம்.

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் போன்ற கோயில் நகரங்களில் உள்ள சிக்கல் வேறு. அங்கே கட்டடம் குடியிருப்பவருடையது, அடிமனை கோயிலுடையது. தாத்தா பெயரிலேயே ரசீது போட்டுக்கொண்டிருந்துவிட்டு, வாடகை பாக்கி ஏறிய பிறகு, இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 78ஆம் பிரிவின்படி ஆக்கிரமிப்பாளர் என்று அறிவிப்பு வரும்போதுதான் பலர் விழிக்கிறார்கள். பெயர் மாற்றத்துக்கு இப்போதே விண்ணப்பிக்க வேண்டும். உயர்த்திய வாடகை ஏற்கத்தக்கதாக இல்லையென்றால் எழுத்தில் ஆட்சேபிக்க வேண்டும். இணை ஆணையரிடமிருந்து விசாரணைக்கு அழைப்பு வந்தால் ஒரு வாய்தாவும் தவறக்கூடாது.

என்னை மிகவும் கலங்க வைப்பது முதியவர்களின் நிலை. ஒரு பெரியவர், கட்டிய வீட்டைத் தான செட்டில்மெண்டாக மகனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, ஓராண்டுக்குள் வீட்டின் பின்கட்டுக்கும், பிறகு மாட்டுக் கொட்டகைக்கும், பிறகு பேருந்து நிலையத்துக்கும் வந்து சேர்ந்தார். நகரின் வீடற்றோர் தங்குமிடத்தில்தான் அவரை முதலில் சந்தித்தேன். உள்ளாட்சி நிதியில், ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் இடம் அது. லட்சம் பேருக்கு ஒரு தங்குமிடம், ஒருவருக்குக் குறைந்தது ஐம்பது சதுர அடி, உடைமைகளை வைக்கப் பூட்டுடன் ஒரு பெட்டி என்பது நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வகுத்த அளவு. பெரியவர் அந்தப் பெட்டியின் சாவியைப் பூணூல்போல் ஒரு கயிற்றில் கோத்து மார்பில் குறுக்கே போட்டிருந்தார். குளிக்கும்போதும் கழற்றுவதில்லை என்று பராமரிப்பாளர் சொன்னார். பெட்டிக்குள் இருந்தவை இரண்டு வேட்டிகள், மனைவியின் புகைப்படம், செட்டில்மெண்ட் பத்திரத்தின் நகல். எழுதிக் கொடுத்த பத்திரத்தின் நகலை எறியாமல் வைத்திருந்தாரே, அதுதான் அவரைக் காப்பாற்றப் போகிறது.

2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி, அறுபது வயது கடந்தவர் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிட முடியும். 23ஆம் பிரிவு அதைவிட முக்கியமானது. பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையில் கொடுத்த சொத்தை, பார்த்துக்கொள்ளாதபோது, செல்லாது என்று அறிவிக்க அந்தப் பிரிவு வழி செய்கிறது. பத்திரத்தில் அந்த நிபந்தனை எழுத்தாக இல்லையே என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பலர். 2025 மார்ச்சில், நாகப்பட்டினத்து மூதாட்டி ஒருவரின் வழக்கில், அன்பின் காரணமாக எழுதிக் கொடுத்ததிலேயே பராமரிப்பார்கள் என்ற எதிர்பார்ப்பு அடங்கியிருக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறி, கோட்டாட்சியர் அந்தப் பத்திரத்தை ரத்து செய்ததை உறுதிப்படுத்தியது. நம் மாவட்டத்து அலுவலகம் ஒன்றிலிருந்து தொடங்கிய அந்தத் தீர்ப்பை அச்செடுத்து வைத்திருக்கிறேன், கேட்பவர்களுக்கு நகல் தருகிறேன். முதியோருக்கான உதவி எண் 14567. இருந்தாலும், எழுதிக் கொடுப்பதற்கு முன்பே என்னிடம் வரும் பெரியவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: உயில் எழுதுங்கள், செட்டில்மெண்ட் வேண்டாம், எழுதியே தீர வேண்டுமென்றால் ஆயுள்காலக் குடியிருப்பு உரிமையைப் பத்திரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்து விரட்டப்படும் பெண்களுக்கு, வீடு கணவர் பெயரில் இருந்தாலும் மாமியார் பெயரில் இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையை 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் தருகிறது. நள்ளிரவானாலும் 181ஐ அழைக்கலாம். மாவட்டத்தில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்தில் ஐந்து நாள் வரை தங்கவும் வழி உண்டு. மனநலம் குன்றி அலைபவர்களை, வேளாங்கண்ணியிலும் மற்றத் திருத்தலங்களிலும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்களைப் பாதுகாப்பில் எடுத்து மருத்துவ மதிப்பீட்டுக்குக் கொண்டுசெல்வது 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டப்படி காவல் நிலையத்தின் கடமை. கேட்டால் செய்கிறார்கள். கேட்க ஒருவர் வேண்டும்.

கொள்ளிடத்தில் தண்ணீர் பெருகும்போதெல்லாம் நாதல்படுகை, முதலைமேடுதிட்டு, வெள்ளமணல் ஆகிய ஊர்களின் மக்கள் முகாமுக்கு வருகிறார்கள். 2018இலும் 2022இலும் 2024இலும் வந்தார்கள். முகாமில் சோறும் மருந்தும் நன்றாகவே கிடைக்கின்றன. ஆனால் நனைந்து போன பட்டாவுக்கும் குடும்ப அட்டைக்கும் நகல் கேட்கும் மேசை ஒன்றை முகாமிலேயே போட வேண்டும் என்பது என் நீண்டநாள் வேண்டுகோள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்தருகே கரை கடந்தபின், பட்டா இருந்தவருக்கு நிரந்தர வீடு என்றும் இல்லாதவருக்குத் தார்ப்பாய் என்றும் பிரிந்ததை நேரில் பார்த்தேன். 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 3.5 லட்சம் ரூபாயில் கான்கிரீட் வீடு தருகிறது. அதற்கும் மனை சொந்தமாக இருக்க வேண்டும். வீட்டுமனைப் பட்டாவுக்கான மனுவை இன்றே கொடுத்து வைப்பது நாளைய வீட்டின் அடித்தளம் என்றே நான் கருதுகிறேன்.

ஒரே ஒரு மனக்குறையை இங்கே பதிவு செய்ய வேண்டும். தங்குமிடத்திலிருந்த ஒரு பெண்ணுக்கு விதவை ஓய்வூதியம் கேட்டு ஓர் அலுவலகத்துக்குச் சென்றோம். முகவரிச் சான்று இல்லாமல் மனுவை வாங்க முடியாது என்றார்கள். வீடு இல்லை என்பதற்காக உதவி கேட்டு வந்தவரிடம் வீட்டு முகவரியைக் கேட்டார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க வீடற்றவர்களிடம் முகவரி ஆவணம் கேட்கக்கூடாது என்பதும், அவர் படுத்துறங்குவதாகச் சொன்ன இடத்துக்கு வாக்குச்சாவடி அலுவலரே இரவில் சென்று பார்க்க வேண்டும் என்பதும் தேர்தல் ஆணையத்தின் நடைமுறை. அதன்படி அந்தப் பெண்ணுக்கு முதலில் வாக்காளர் அட்டை வாங்கினோம். இரவு பத்து மணிக்கு டார்ச் விளக்கோடு வந்து பார்த்துச் சென்ற அந்த அலுவலர் ஓர் அங்கன்வாடிப் பணியாளர். அட்டையைக் கொண்டு ஓய்வூதியம் வாங்க மேலும் ஐந்து மாதம் ஆனது.

வாய்க்கால் கரை அம்மாளின் மூன்று மாத அவகாசம் தை மாதக் கடைசியில் முடிகிறது. ஊருக்குத் தெற்கே நத்தத்தில் மூன்று சென்ட் அளந்து கல் நட்டிருக்கிறார்கள், பட்டா இன்னும் கைக்கு வரவில்லை. வருகிற திங்கட்கிழமை குறைதீர் நாள் கூட்டத்துக்கு, முத்திரை போட்ட நகலோடும் பி மெமோக் கட்டோடும், ஏழரை மணிப் பேருந்தில் செல்கிறோம். நேற்று மாலை மீண்டும் திண்ணைக்கு வந்து, மனுவை இன்னொரு தரம் வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். தேதி வரும் இடங்களில் நிறுத்தச் சொல்லி, விரல் விட்டு எண்ணிக்கொண்டார்.